தாமதப் பதிவேட்டில் வெயில்

வெயில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளில் பதினேழு நிமிடம் தாமதமாக வந்தது. தாமதமாக வருகிறவர் யாராக இருந்தாலும் கேட்டுக்கு வெளியே ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்பது நாவல்மட்டம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் விதி என்பதால், தலைமையாசிரியை சௌந்தரவல்லி அதையும் நிறுத்திவைத்தார். அது நின்றது.

நாவல்மட்டத்தில் மூடுபனி ஒரு குடித்தனக்காரரைப் போல நடந்துகொள்ளும். மார்கழி பாதியில் மலையிறங்கி வந்து, முதலில் தேயிலைச் செடிகளுக்கு இடையிலும், பிறகு தெருவிலும், அதன் பிறகு கதவிடுக்கு வழியாக அடுக்களையிலும் குடியேறி, உப்பை நீராக்கி, தீப்பெட்டியை நமுத்துப்போகவைத்து, மாசி பிறந்து பத்து நாள் ஆன பிறகுதான் இடத்தைக் காலிசெய்யும். அந்த இரண்டு மாதமும் ஊரில் யாருடைய துணியும் காயாது. அடுப்புக்கு மேல் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் துணியைப் பரப்பி வாட்டித்தான் உடுத்துவார்கள். ஆகையால் தை மாதத்தில் நாவல்மட்டத்துக்காரர் எந்த ஊருக்குப் போய் எந்த பஸ்ஸில் ஏறினாலும் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, எங்கோ எதுவோ தீய்கிறது என்பார்.

சௌந்தரவல்லி டீச்சர் கரூர்ப் பக்கத்துக்காரர். கீழ்நாட்டில் வெயிலுக்குப் பயந்து குடைபிடித்து வளர்ந்தவர், மலைக்கு மாற்றலாகி வந்து பதினொரு குளிர்காலம் ஆகிறது. பள்ளியில் பிள்ளைகள் இருபத்தேழு, ஆசிரியைகள் இருவர், பதிவேடுகள் முப்பத்தொன்று; இந்த மூன்றில் டீச்சருக்கு எது மிகப் பிரியம் என்பதில் ஊருக்கு இரண்டு கருத்து இல்லை. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை காலை வழிபாடு முடிந்ததும் பிள்ளைக்கு ஒன்றாக ஒரு சீட்டு கொடுத்தனுப்புவார். ‘பெற்றோர் கவனத்திற்கு’ என்று தலைப்பிட்டு, எண் போட்டு, நிறுத்தக்குறிகள் ஒன்றும் பிசகாமல் தன் கையாலேயே எழுதுவார். உதவி ஆசிரியை ஜான்சி அதை டவுனில் ஜெராக்ஸ் எடுத்து வருவாள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்துச் சீட்டு இப்படி இருந்தது:

‘1. கடுங்குளிர் நிலவுவதால் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், குல்லா, காலுறை மூன்றையும் அணிவித்து அனுப்பவும். மூன்றில் இரண்டு போதும் என்று வீட்டிலேயே தீர்ப்பு வழங்க வேண்டாம்.

2. தொலைந்த பொருள் பெட்டியில் ஒற்றைக் கையுறைகள் ஏழு உள்ளன. ஏழும் இடக்கைக்கானவை. இது எப்படி நேர்ந்தது என்று தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம்.

3. காலை வழிபாடு 9.20க்கு. 9.20 என்பது 9.20.’

அடியில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று பெற்றோர் கையொப்பத்துக்கு. மற்றது ‘பெற்றோர் குறிப்பு, ஏதேனும் இருப்பின்’. முதல் கோட்டில் பிள்ளைகளே அப்பா பெயரை எழுதிக்கொண்டு வருவார்கள். டீச்சருக்கு அது தெரியும், கையெழுத்து நன்றாக இருந்தால் விட்டுவிடுவார். இரண்டாவது கோடு பதினொரு வருடமாகக் காலியாகவே திரும்பி வந்தது. சீட்டின் பெரும்பகுதி ஊரில் அடுப்புப் பற்றவைக்கவும், போஜன் டீக்கடையில் வர்க்கி மடிக்கவும் பயன்பட்டது. அதுவும் அவருக்குத் தெரியும். ஒருமுறை தன்னுடைய அரைப்புள்ளியின் மேல் எண்ணெய் படர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் அந்த வர்க்கியைத் தின்றிருக்கிறார்.

அப்படிப்பட்ட ஊரில்தான், பள்ளி திறந்த இரண்டாவது வாரத் திங்கட்கிழமை, பிள்ளைகள் வரிசையில் நின்று உறுதிமொழி சொல்லிக்கொண்டிருக்கையில், இரண்டாம் வகுப்பு வரிசை முழுவதும் கழுத்தைத் திருப்பியது.

“டீச்சர், கேட்டுகிட்ட வெயில் நிக்குது.”

டீச்சர் திரும்பவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மணி என்ன?”

“ஒம்போது முப்பத்தேழு, டீச்சர்.”

“அப்ப நிக்கட்டும்.”

நான்கு பேர் படுக்கக்கூடிய ஜமுக்காளத்தின் அளவு இருந்தது அது. ஓரங்கள் கத்தரித்து வைத்தாற்போல இருந்தன. அதைச் சுற்றிலும், அதற்கு மேலேயும், வழக்கமான அதே வெள்ளை மூட்டம். அதன் நடுவில், தினமும் தாமதமாக வந்து தினமும் கேட்டில் நிற்கிற நான்காம் வகுப்பு நிரோஷா, ஒரு காலால் மறு காலைச் சொறிந்தபடி நின்றுகொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் கழித்து இருவரும் உள்ளே விடப்பட்டார்கள். ஜான்சி ஓடிப்போய்க் குனிந்து அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“டீச்சர், சுடுதுங்க!”

“வெயில்னா சுடும், ஜான்சி” என்றார் டீச்சர், கரூர்க்காரர் என்ற உரிமையில். பிறகு தாமதப் பதிவேட்டைப் பிரித்து எழுதினார். நிரோஷா, நான்காம் வகுப்பு, 9.37, காரணம்: துணி காயவில்லை. அது அந்தப் பெண் மழையானாலும் பனியானாலும் தினமும் சொல்கிற காரணம்; அவரும் தினமும் எழுதிக்கொள்வார். அடுத்த வரியில் வெயில், 9.37. காரணம் என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. ஆனால் காலிக் கட்டம் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்துகிற மனுஷி அவர். ‘மூடுபனி’ என்று எழுதி, சுருக்கொப்பமும் இட்டார்.

மறுநாளும் அது வந்தது. அதற்கு மறுநாளும். பத்துமணி போல நான்காம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் படுத்துக்கொள்ளும். இடைவேளையில் பிள்ளைகளோடு சேர்ந்து இங்குமங்கும் ஓடும். நாலு பத்து மணியடித்ததும் கேட்டைத் தாண்டிப் போய்விடும். சனி, ஞாயிறு வராது. பொங்கலுக்கு அரசு அறிவித்த விடுமுறையை ஒருநாள் கூட்டாமல் ஒருநாள் குறைக்காமல் எடுத்துக்கொண்டது. குடியரசு நாளன்றும் பதினேழு நிமிடம் தாமதம். கொடி யாருக்காகவும் காத்திருக்காது என்று டீச்சர் பனிமூட்டத்திலேயே ஏற்றிவிட்டார், பாதிக் கம்பத்துக்கு மேல் கொடி யார் கண்ணுக்கும் தெரியவில்லை என்றாலும் எல்லாரும் அந்தத் திசையில் வணக்கம் வைத்தார்கள்.

முதல் வாரம் ஊர் வேடிக்கை பார்த்தது. இரண்டாம் வாரம் வாளியோடு வந்தது. யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு தாய் ஈரப் பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பேனா கொடுக்க வந்தேன் என்றாள். மறுநாள் ஏழு பேர் பேனா கொடுக்க வந்தார்கள், ஏழு பேர் தோளிலும் கம்பளி. அதன் பிறகு பேனா என்ற நாகரிகமும் தேவைப்படவில்லை. போர்வை வந்தது, ஜமுக்காளம் வந்தது, மூன்று வருடமாக முழுசாகக் காயாத தலையணை வந்து, முதன்முதலாகக் காய்ந்து, பஞ்சு உப்பிப் பிதுங்கிச் சிரித்தது. எண்ணெய் தேய்த்த கைக்குழந்தைகள் வந்தன. மிளகு வந்தது. வடகம் வந்தது, காக்கையும் வந்தது. கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் போட்டோகிராபரோடு வந்து, வெயிலுக்குள் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாள். அந்த மலையில் கண்கூசுகிற படம்தான் இப்போது அந்தஸ்து. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த நாளுக்குப் பிறகு கேட்டை எட்டிப் பார்த்திராத தகப்பன்கள் வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் பிள்ளை எத்தனாம் வகுப்பு என்று பக்கத்துத் தகப்பனிடம் மெதுவாக விசாரித்தார்கள்.

சௌந்தரவல்லி டீச்சருக்கு இதில் ஆச்சரியப்படவோ பக்திப்படவோ நேரம் இல்லை, ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமைச் சீட்டு இரண்டு பக்கம் போயிற்று.

‘1. வெயிலில் துணி உலர்த்த விரும்பும் பெற்றோர் பிள்ளையின் வகுப்பு வாரியாக மட்டுமே வரவும். முதல் வகுப்பு திங்கள், இரண்டாம் வகுப்பு செவ்வாய், மூன்று புதன், நான்கு வியாழன், ஐந்து வெள்ளி. குடும்பத்துக்கு ஒரு கொடி.

2. பாடவேளையில் வடகத்துக்குக் காக்கை விரட்டுவதற்குப் பிள்ளைகளை வகுப்பிலிருந்து அழைக்கக் கூடாது. காக்கை விரட்டுவது பாடத்திட்டத்தில் இல்லை.

3. வெயிலுக்கு நன்றி தெரிவித்து வார்டு உறுப்பினரின் படத்துடன் கட்டப்பட்ட பேனர், வெயிலை மறைத்தபடியால் அகற்றப்பட்டது.

4. மாரியம்மன் கோயிலாரும் அந்தோணியார் சபையாரும் வெயிலைத் திருவிழாவுக்குத் தனித்தனியே இரவல் கேட்டுள்ளனர். வெயில் இப்பள்ளியின் தாமதப் பதிவேட்டில் மட்டுமே உள்ளது; வருகைப் பதிவேட்டில் இல்லை. எனவே அதை அனுப்பவோ நிறுத்தவோ பள்ளிக்கு அதிகாரம் இல்லை.’

இந்தச் சீட்டை ஊர் படித்தது. பதினொரு வருடத்தில் முதன்முறையாக, வரி வரியாக, அரைப்புள்ளி அரைப்புள்ளியாகப் படித்தது. போஜன் அதை வர்க்கி மடிக்கப் பயன்படுத்தாமல் கடைச் சுவரில் ஒட்டினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு ஜான்சியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் டீக்கடை பெஞ்சில் நின்று உரக்கப் படித்துக் காட்டினார்கள். நாலாவது எண்ணில் எந்தச் சாமிக்குச் சாதகமாக எழுதியிருக்கிறது என்று அரைமணி விவாதம் நடந்தது. டீச்சர் அந்தப் பக்கமாக நடந்துபோகும்போது காதில் விழுந்தது. முகத்தை ஒன்றும் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

வெயில் வந்து பதினெட்டு பள்ளி நாள் ஆயிற்று. பத்தொன்பதாம் நாள் அது வரவில்லை.

திங்கட்கிழமை அது. முதல் வகுப்புக் குடும்பங்கள் ஈர வாளிகளோடு கேட்டில் நின்றன. ஒன்பது முப்பத்தேழு ஆயிற்று, ஒன்பது ஐம்பது ஆயிற்று, வாளியிலிருந்து சொட்டிய நீர் பாதையில் கால்வாய் கட்டி ஓடியது. “பிள்ளைங்க யாராச்சும் அதத் திட்டுனீங்களாடா?” என்று கேட்டார் போஜன். யாரும் திட்டவில்லை. பதினோரு மணிக்கு டவுனிலிருந்து வந்த பஸ்ஸின் டிரைவர், டீயை வாங்கிக்கொண்டே, கேட்கப்படாமலே சொன்னார்: “டவுன்ல இன்னிக்கு ஒரு வேடிக்கைங்க. ஊரு பூரா பனி. பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் கவுன்டர்கிட்ட மட்டும் ஒரு பாய் விரிச்ச மாதிரி வெயில். கொஞ்ச நேரத்துல ஜவுளிக்கடைப் பக்கம் போயிருச்சு.”

மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் டீச்சர் தாமதப் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விரலால் வரிவரியாக இறங்கினார். நிரோஷா, வெயில். நிரோஷா, வெயில். பதினெட்டு நாள், முப்பத்தாறு வரி, ஒரு நிமிடமும் வித்தியாசமில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து அன்றைய கட்டத்தைப் பார்த்தார். நிரோஷா, விடுப்பு.

“ஜான்சி” என்று கூப்பிட்டார். “இங்க வா. இதப் பாரு.”

ஜான்சி பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கைகழுவப் போய்க்கொண்டிருந்த மாணவர் தலைவி ஹேமாவதியும் எட்டிப் பார்த்தாள்.

“நிரோஷா கூடத்தானே டீச்சர் அது வரும்” என்றாள் ஹேமாவதி. “அவ கோகோ ஆடுனா அதுவும் ஓடும். எல்லாருக்கும் தெரியுமே.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க மணிதான் கேட்டீங்க டீச்சர்.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை, 9.37க்கு, வெயில் வந்தது. அதற்குள் நிரோஷா இருந்தாள், டவுனில் வாங்கி வந்த புது ரெக்சின் பை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. அவளுடன் அவள் தாய் செபமாலையும் இருந்தாள். வெளியே நின்ற ஐந்து நிமிடமும் தாயும் மகளோடு நின்றாள், விதியென்றால் விதிதானே என்று. செபமாலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்களின் லைன் வீடுகளில், ஓடைக்கு அந்தப் பக்கம் கடைசி வீடு. புருஷன் இல்லை.

“டி.சி. வேணும் டீச்சர்” என்றாள் உள்ளே வந்ததும். “திருப்பூர்ல எங்கக்கா பனியன் கம்பெனியில இருக்கா. சனிக்கிழமை மொத பஸ்ஸுக்குப் போறோம்.”

“வருசம் முடிய இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு, செபமாலை.”

“பனியில செடி கருகிக் கெடக்கு டீச்சர். கொழுந்து இல்ல. தெனமும் காலையில மேல்ரோடு வழியா ஆபீசுக்குப் போயி நிக்கிறேன், கண்டக்டர் ஐயா பேர் போடமாட்டேங்கிறாரு. ரெண்டு மாசம் எதத் திங்கிறது?”

எஸ்டேட்டில் மேற்பார்வையாளரைக் கண்டக்டர் என்பார்கள். பஸ்ஸுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவர் காலையில் பேர் போட்டால் அன்றைக்கு வேலை, போடாவிட்டால் இல்லை.

டீச்சர் தாமதப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். முப்பத்தாறு வரியையும் காட்டினார். இந்தப் பெண் போனால் வெயில் போய்விடும் என்றார். சொல்லும்போதே தன் குரல் வார்டு உறுப்பினரின் குரல் மாதிரி இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

செபமாலை பொறுமையாகப் பார்த்தாள். “அதுக்கு நான் என்ன செய்ய டீச்சர்? உங்க ஊரு துணி காயணும்னு எம்புள்ளையக் கொடிக்கம்பமா நட்டுவச்சிட்டுப் போக முடியுமா?”

“நீங்களும்தான் காயவைக்கலாம். வியாழக்கிழமை நாலாம் வகுப்பு. உங்களுக்கும் ஒரு கொடி இருக்கு. சீட்டுல எழுதியிருந்தேனே.”

“எந்தச் சீட்டு?”

“வெள்ளிக்கிழமை குடுக்கிற சீட்டு.”

“எங்க வீட்டுக்கு ஒரு சீட்டும் வந்ததில்லையே டீச்சர்” என்றாள் செபமாலை. “இவ ஒண்ணாப்பு சேர்ந்ததுலேருந்து வந்ததில்ல. எழுதப் படிக்கத் தெரியாதவன்னு எனக்கு மட்டும் குடுக்கலயா? எனக்குத் தெரியும் டீச்சர். எட்டாவது பாஸ்.”

டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டார். சீட்டு வழிபாடு முடிந்ததும் கொடுக்கப்படும். அந்நேரம் தாமதமாக வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். உள்ளே விடும்போது சீட்டுக் கட்டு மேசைக்குள் போயிருக்கும்; ஒரு சீட்டு மிச்சமிருப்பதை டீச்சர் வாரந்தோறும் பார்த்திருக்கிறார், அலுவலகப் பிரதி என்று நினைத்துக் கோப்பில் குத்தியிருக்கிறார். அந்தக் கோப்பு அலமாரியில் இருந்தது. மூன்றரை வருடத்துச் சீட்டு, நிரோஷாவின் சீட்டு, பஞ்ச் போட்டு, தேதி வாரியாக.

“நிரோஷா” என்றார் டீச்சர். அவர் அந்தப் பெண்ணிடம் மணி பற்றி அல்லாமல் கேட்ட முதல் கேள்வி அதுதான்: “துணி காயலன்னா நீ என்ன செய்வ?”

“போட்டுக்கிட்டு வந்து ஓடைப் பாலத்துமேல நிப்பேன் டீச்சர், ஒடம்புலயே காயட்டும்னு. போன வருசம் பூரா காயல. இந்த வருசம் ஒருநா அது வந்து கூட நின்னுச்சு. காஞ்சதும் ரெண்டு பேரும் வந்துருவோம்.”

டி.சி. புதன்கிழமைக்குள் எழுதிவைப்பதாக டீச்சர் சொன்னார். எழுதியும் வைத்தார், விதி அது. கையெழுத்து மட்டும் போடவில்லை. இந்த விஷயம் போஜன் கடை பெஞ்சுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஊர் நல்ல ஊர்தான். ஆனால் காய்ந்த போர்வையில் ஒருமுறை படுத்து எழுந்த ஊர். முதல் பஸ்ஸின் முன்னால் படுத்தாலும் படுக்கும். அந்தப் பெண் வெயிலுக்காக நிறுத்திவைக்கப்படக் கூடாது என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. நிற்பதற்கு வேறு காரணம் ஏதும் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை அவர் தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். ஒன்பது மணிக்குப் பள்ளிக்குள் நுழையாமல், முந்தின மாலையே கோப்பிலிருந்து உருவி வைத்திருந்த சீட்டுகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, பள்ளியைத் தாண்டி நடந்து, ஓடைப் பாலத்தில் போய் நின்றார். நிரோஷா நின்றுகொண்டிருந்தாள், பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி. ஓடைக்குள்ளிருந்து, நீர் குடித்துவிட்டு ஏறி வருகிற கன்றுக்குட்டி மாதிரி, வெயில் ஏறி வந்தது.

“டீச்சரம்மா காலுக்கும் இடம் விடு” என்று நிரோஷா அதனிடம் சொன்னாள். அது கொஞ்சம் அகன்றது.

நடந்தார்கள். நிரோஷா நேராக நடக்கிற பெண் இல்லை என்பது அப்போதுதான் டீச்சருக்குத் தெரிந்தது. நாய் இருக்கிற வீட்டை விட்டு விலகி, வழுக்குப் பாறையைச் சுற்றி, கொய்யா மரத்தை ஒருமுறை விசாரித்து, தேயிலைக் காட்டுக்குள் இறங்கி ஏறிக் கோணல்மாணலாகப் போனாள். வெயிலின் ஓரத்திலிருந்து அரை அடி தள்ளிப் பனி சுவராக நின்றது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காலடியில் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. தெரிந்ததைப் பார்த்து டீச்சர் நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் செடிகள் பழுப்பேறிக் கருகிக் கிடந்தன என்று செபமாலை சொன்னது உண்மைதான். ஆனால் நிரோஷா தினமும் நடக்கிற தடத்தில், ஒரு ஜமுக்காள அகலத்துக்கு, எல்லாச் செடியும் தலையில் இளம்பச்சையாக ஏதோ சூடிக்கொண்டிருந்தது. டீச்சர் ஒன்றைக் கிள்ளினார். கீழ்நாட்டுக்காரருக்கு இலை என்றால் வாழை. அது என்னவென்று தெரியாமலே, தெரிந்துவிட்ட மாதிரி அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது.

“நிரோஷா, அம்மா எங்க இருக்காங்க?”

“வீட்ல மூட்ட கட்டுறாங்க.”

“ஓடு. திரும்பி ஓடு!”

பதினொரு வருடத்தில் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு எதிர்த்திசையில் ஓடச் சொன்னது அதுதான் முதல்முறை. மூவரும் ஓடினார்கள்: பெண், டீச்சர், வெயில். லைன் வீட்டு வாசலில் சேலையை இடுப்பில் செருகி நின்ற செபமாலையின் உள்ளங்கையில் டீச்சர் மூச்சிரைக்க அந்தத் துளிரை வைத்தார். “இது என்ன?”

செபமாலை அதை விரலால் புரட்டினாள். முகர்ந்தாள். “கொழுந்து டீச்சர். ரெண்டு எலையும் மொட்டும்.” பிறகுதான் அவளுக்கு உறைத்தது. “தை மாசத்துலயா?”

கண்டக்டர் ராஜரத்தினம் தொப்பியும் மப்ளருமாக வரவழைக்கப்பட்டார். பாலத்திலிருந்து பள்ளிச் சுவர் வரை அந்தப் பச்சைத் தடத்தைக் கைத்தடியால் தட்டித் தட்டி நடந்து பார்த்தார். ஆச்சரியம் அவருடைய வேலையில் சேராது. செடி நிரை எண்ணுவதுதான் சேரும்.

“ஒரு ஆளுக்கு ஒரு நாள் வேலை இருக்கு” என்றார் கடைசியில். “பேர் போட்டுக்கறேன். ஆனா நாளைக்கு? பறிச்சுட்டா முடிஞ்சுதே.”

நிரோஷா, நின்று அலுத்துப்போய், பாதையை விட்டிறங்கிப் பக்கத்துக் கருகிய நிரைக்குள் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டு போனாள். வெயிலும் அவளோடு இறங்கியது. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்க, கொஞ்ச நேரத்தில், பழுப்புக்கு நடுவே ஊசிமுனை மாதிரி ஒரு பச்சை எட்டிப் பார்த்தது.

ராஜரத்தினம் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “பாப்பா” என்றார், எஸ்டேட் முதலாளியிடம் பேசுகிற குரலில். “நாளைக்கு நீ வேற வழியா பள்ளிக்கூடம் போவியா?”

“வேற வழின்னா சுத்து, சார்” என்றாள் நிரோஷா. “லேட்டாயிரும்.” சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தாள்.

செபமாலையும் டீச்சரைப் பார்த்தாள். கண்டக்டரும் பார்த்தார். 9.20 என்பது 9.20 என்று எழுதிய கை, பைக்குள் இருந்த மூன்றரை வருடத்துச் சீட்டுக் கட்டை இறுக்கிப் பிடித்தது.

“ஆகட்டும்” என்றார் சௌந்தரவல்லி டீச்சர்.

டீச்சரும் நிரோஷாவும் செபமாலையும் பள்ளி கேட்டை அடைந்தபோது மணி பத்து இருபத்திரண்டு. நான்காம் வகுப்புக் குடும்பங்கள் ஈரத்துணியோடு காத்திருந்தன. தன்னுடைய பிள்ளை படித்து முடித்து ஆறு வருடம் ஆகியும் போஜன் ஒரு கூடை மிளகோடு நின்றார்; வியாழக்கிழமை யாரும் எடுத்துக்கொள்ளாத ஒரு கொடி இருப்பதைக் கண்டுபிடித்து அவர்தான் அனுபவித்து வந்தார். செபமாலை யாரென்று தெரிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு, “உங்க எடம்னு தெரியாதுங்க அக்கா, மொளகு மேல சத்தியமாத் தெரியாதுங்க” என்று நகர்ந்தார்.

கேட்டில் ஹேமாவதி நின்றாள், மாணவர் தலைவி என்கிற வில்லையோடு, கையில் தாமதப் பதிவேட்டோடு. பின்னால் ஜான்சி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“டீச்சர்” என்றாள் ஹேமாவதி. குரல் நடுங்கினாலும் வார்த்தை நடுங்கவில்லை. “அஞ்சு நிமிசம்.”

சௌந்தரவல்லி டீச்சர் நின்றார். ஊர் முழுக்க அவரைப் பார்த்தது. இந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த வெயிலுக்கு நாள் ஒதுக்கி, கொடி ஒதுக்கி, காக்கை ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், அதற்குள் ஒரு நிமிடம் நின்றதில்லை. இப்போது முதுகில் பட்டது, தோளில் ஏறியது, பதினொரு வருடத்து ஈரம் எலும்பிலிருந்து ஒவ்வொன்றாக எழுந்து போவது போலிருந்தது. பக்கத்தில் நிரோஷா ஒரு காலால் மறு காலைச் சொறிந்தாள். ஐந்து நிமிடம் முடிந்தபோது, “இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கலாமா?” என்று கேட்டது டீச்சர்தான். பிறகு உள்ளே போய்ப் பதிவேட்டில் தன் பெயரைத் தானே எழுதினார். 10.22. காரணம்: வெயிலோடு வந்தேன்.

டி.சி.யைக் கிழிக்க விதி இடம் தராது. குறுக்கே கோடு போட்டு ‘ரத்து’ என்று எழுதித் தேதியிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைச் சீட்டு வழிபாட்டில் கொடுக்கப்படவில்லை. எல்லாரும் வந்த பிறகு, கடைசியாக வந்தவரிலிருந்து தொடங்கிக் கொடுக்கப்பட்டது.

‘1. நான்காம் வகுப்பு நிரோஷா இனி நாள்தோறும் இதுவரை நடக்காத ஒரு வழியாக, இயன்றவரை சுற்றி, இயன்றவரை தாமதமாகப் பள்ளிக்கு வருவார். முதல் இரண்டு பாடவேளைகள் அவருக்கு மாலையில் நடத்தப்படும். அவரை யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

2. தன் வீட்டு வழியாக வரச் சொல்லி அவருக்கு மிட்டாய், கொய்யா, கடலை உருண்டை ஆகியவற்றைக் காட்டுவது தடைசெய்யப்படுகிறது.

3. துணி உலர்த்துவோர் அவர் வரும்வரை காத்திருக்கவும். காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளின் நோட்டுகளைப் பார்வையிடலாம்.

4. கேட்டுக்கு வெளியே நிற்கும் விதி நீக்கப்படுகிறது. நிற்க விரும்புவோர் வெயிலில் நிற்கலாம்.’

ஊர் மறுபடி வரி வரியாகப் படித்தது. இரண்டாவது எண்ணைப் படித்துவிட்டு நாலைந்து பேர் சட்டைப் பையிலிருந்த கடலை உருண்டையைத் தாங்களே தின்றார்கள். திங்கட்கிழமை காலை, எல்லாரும் கேட்டில் கூடி, பனிக்குள் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, இன்றைக்கு எந்தப் பக்கமாக வரும் என்று பந்தயம் கட்டினார்கள். கிழக்கே என்றார் போஜன். மேலே என்றாள் ஜான்சி. பதினொன்றரை மணிக்கு, யாருமே சொல்லாத ஓடைப் பக்கமிருந்து, வெள்ளைக்கு நடுவே ஒரு மஞ்சள் ஆடி ஆடி ஏறி வந்தது, பிள்ளைகள் கூவின, அதற்கும் பின்னால், வெள்ளிக்கிழமை நடந்த தடத்தில், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த செபமாலையின் பாட்டு மட்டும் பனிக்குள்ளிருந்து கேட்டது.

நிரோஷா நேராக டீச்சரின் மேசைக்கு வந்து, நாலாக மடித்த சீட்டை நீட்டினாள். அது காய்ந்து மொரமொரவென்று இருந்தது. முதல் கோட்டில் செபமாலை என்று எட்டாம் வகுப்புக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாவது கோட்டைப் பார்த்தார். ‘பெற்றோர் குறிப்பு, ஏதேனும் இருப்பின்.’

நிரம்பியிருந்தது.

‘பிள்ளை நாளைக்கு இன்னும் லேட்டாக வரும். மேல்காடு முழுக்கப் பாக்கி இருக்கிறது.’